நட்சத்திரங்களைப் பற்றி நம் வீடுகளில்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒருவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. படமே பார்ப்பதில்லை என்று பெருமையோடு சொல்லுகிறவரும், ஏன் பார்ப்பதில்லை என்பதைக் கால்மணி நேரம் விவரிப்பார். அதுவும் சினிமாவைப் பற்றிய பேச்சுதானே! அரசியலைப் பற்றிக் கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள், நடிகரைப் பற்றிக் கேட்டால் எவருக்கும் அஞ்சுவதில்லை.

நாம் வசிக்கும் சரவணம்பட்டி, கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் இருக்கிறது. சோளக்காடும் கிணற்றுப் பாசனமுமாக இருந்த ஊர். இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்களும், அவற்றில் பணிபுரியும் இளைஞர்களின் விடுதிகளும், கல்லூரிகளும், வரிசையாகப் பிரியாணிக் கடைகளும் நிறைந்து, ஊர் தன் பழைய முகத்தை மறந்துவிட்டது. 2017 இல் சிவானந்தபுரத்தில் பேரங்காடி திறந்தபின், படம் பார்க்க நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டிய அவசியமும் போயிற்று. கோவையில் தேநீர் அருந்த வேண்டுமானால் பேக்கரிக்குத்தான் போகவேண்டும். இரவுக் காட்சி முடிந்து வருகிற பிள்ளைகள் பேக்கரி வாசலில் நின்று, தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நீதி வழங்குவதைக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. "ஏனுங்ணா, படம் எப்படிங்க?" என்று ஒருவர் கேட்பார். "மொத பாதி தேவலைங்க, அப்புறம் இழுத்துட்டானுங்க" என்று பதில் வரும். பல கோடி ரூபாயும், பல நூறு பேரின் உழைப்பும், ஐந்து சொற்களில் தீர்ந்துபோகும். இதில் நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. காசு கொடுத்துப் பார்த்தவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. கல்யாண வீட்டில் பிரியாணியை உண்டுவிட்டு உப்புக் குறைவு என்று சொல்லுகிறோமே, அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளும் இதே நீதிமன்றம் நடக்கிறது. மாலையானால் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாமியார்களுக்கு எங்கள் வீட்டு மாமியார்கள் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ரமலான் மாதத்தில் சஹர் நேர நிகழ்ச்சிகளையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. எந்த ஹஜ்ரத்தின் குரல் கனிவாக இருக்கிறது, எவருடைய தலைப்பாகை எடுப்பாக இருக்கிறது, எவர் நேரத்தை மீறுகிறார் என்பதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே அலசப்படும். பயானின் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை எழுந்து நாம் கேட்டதில்லை. ரசிகர் என்னும் குணம் சினிமாக் கொட்டகையோடு நின்றுவிடுவதன்று.

இப்படிப்பட்ட பேச்சுகளில் சில நேரங்களில் விலைமதிப்புள்ள சொல்லும் வந்துவிழும். பென்யாமின் எழுதிய நாவலைத் தழுவி பிளெஸ்ஸி இயக்கிய 'ஆடுஜீவிதம்' என்னும் மலையாளப் படம் 2024 மார்ச் மாதம் வெளிவந்தது. பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால் மலையாளப் படங்கள் கோவைக்கு அந்நியமல்ல. சவூதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் அடிமையாகச் சிக்கிக்கொண்ட நஜீப் என்னும் தொழிலாளியின் கதை அது. எங்கள் சின்னத்தா ஒருவர் பதினொரு ஆண்டுகள் அந்நாட்டில் இருந்து திரும்பியவர். வீட்டுப் பிள்ளைகள் அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றார்கள். நாயகனாக நடித்த பிருத்விராஜ் உடம்பை எப்படி மெலியவைத்தார், இசை எப்படி, படம் நீளமா என்று பிள்ளைகள் திரும்பும் வழியெல்லாம் விவாதித்தார்கள். சின்னத்தா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்ட பின்பு, "அந்தக் குப்பூஸைத் தண்ணியில நனைச்சுத் திங்கிறான் பாரு, அதைச் சரியா எடுத்திருக்கான்" என்றார். பதினொரு ஆண்டுகளில் அவர் தம் மனைவியிடம்கூடச் சொல்லாத ஏதோ ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருந்தது. சின்னம்மா அன்றிரவு அவருக்குப் பரிமாறும்போது ஒரு கரண்டி கூடுதலாக வைத்ததை நாம் கவனித்தோம். எந்தப் பத்திரிகை விமர்சனமும் இதைச் செய்திருக்க முடியாது.

படைப்பைப் பற்றி வலுவாகவே பேசவேண்டிய சந்தர்ப்பங்களும் நமக்கு உண்டு. 1961 இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில், முஸ்லிம் ஒருவரிடம் வளரும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து மர்ஹூம் நாகூர் ஹனீபா அதில் ஒரு பாடலைப் பாடினார். கொட்டகைக்கே போகாத நம் பாட்டிமார்களுக்கும் அந்தப் பாடல் தெரிந்திருந்தது. பிறகு வந்த பத்தாண்டுகளில் திரையில் தொப்பியும் தாடியும் வேறு பொருள் பெற்றன. 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்கும் பின், கோவையில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்குத் திரையில் வரும் வில்லனின் பெயர் வெறும் பெயரல்ல. வேலை கிடைத்துச் சரவணம்பட்டிக்கு வரும் பிள்ளை வாடகைக்கு அறை கேட்டுப் போகிறான். பெயரைச் சொன்ன பிறகு, "நேத்தே ஒருத்தருக்குச் சொல்லிட்டமுங்க" என்று மரியாதையாகவே பதில் வருகிறது. அந்த வீட்டுக்காரர் கெட்டவரல்லர். அவர் நம்மைப் பற்றி அறிந்ததில் பாதி திரையில் பார்த்தது.

ஆயினும் இங்கேயும் நாம் ஒழுங்காகப் பேசினோமா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' 2013 ஜனவரி 25 அன்று வெளியாக இருந்தது. முஸ்லிம் அமைப்புகளின் ஆட்சேபத்தையடுத்துத் தமிழக அரசு தடை விதித்தது. சில இடங்களில் மாற்றம் செய்ய இசைவு ஏற்பட்டபின் பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் வெளியாயிற்று. அமைப்புகளின் தலைவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். ஆனால் கடைத்தெருவில் அப்படத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் குரல் உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்கவில்லை. தடை நீங்கிப் படம் வந்தபோது, அதைப் பார்த்து, எந்தக் காட்சி யாரை எப்படிக் காட்டுகிறது என்று எடுத்து எழுதியவர்கள் நம்மில் சிலரே. சத்தம் ஓய்ந்துவிட்டது, வேறொரு நடிகரின் கல்யாணச் செய்தி வந்துவிட்டது. நம்மைப் பாதிக்கிற படைப்பைப் பற்றிப் பொறுமையாகப் பேச நமக்கு நேரமில்லை. நம்மை எவ்விதத்திலும் பாதிக்காத ஒருவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேச இரவெல்லாம் நேரமிருக்கிறது.

இந்த இரண்டாவது வகைப் பேச்சுக்குக் கோவை ஒரு பழைய சாட்சி. தென்னாட்டுச் சினிமாவின் சரித்திரத்தில் இந்நகரத்துக்கு உரிய இடத்தை இன்றைய பிள்ளைகள் அறிவதில்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியபின், 1914 இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது. 1930களில் இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சிவகவி' 1943 இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அதை இயக்கிய எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவே பிற்காலத்தில் பட்சிராஜா ஸ்டூடியோவின் அதிபராக விளங்கியவர். எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' (1954) அவர் எடுத்த படம். அதே கதையை இந்தியில் 'ஆசாத்' (1955) என்று எடுத்து, யூசுப் கானாகப் பிறந்த திலீப் குமாரை நாயகனாக்கியவரும் அவரே. பம்பாயின் பெரும் நட்சத்திரத்தைக் கோவைக்காரர் ஒருவர் ஆட்டுவித்தார் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை.

அக்காலத்தில் சென்னையில் சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. பத்திரிகை அமோகமாக விற்றது. தம்மைப் பற்றி எழுதாதிருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் அன்றைய ஆளுநரிடம் முறையிட்டு, பத்திரிகையின் உரிமத்தை ரத்துச் செய்வித்தார்கள். லட்சுமிகாந்தன் சளைக்கவில்லை. 'இந்து நேசன்' என்னும் பெயரில் பழைய தொழிலையே தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தவரைச் சிலர் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் அவர் இறந்துபோனார். முறையிட்ட மூவரும் அவ்வழக்கில் கைதாயினர். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். கொலையாளி யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்து திரும்பிய பாகவதரின் பிந்திய படங்கள் எடுபடவில்லை. 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நாயகர், 1959 இல் பழைய செல்வாக்கெல்லாம் இழந்து மறைந்தார். இச்சரித்திரத்தை எழுதுகிறவர்கள் லட்சுமிகாந்தனைக் கயவர் என்கிறார்கள். பாகவதரை விதியின் பலி என்கிறார்கள். அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, ஒளித்துவைத்துப் படித்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பிய பல்லாயிரம் கண்ணியமான குடும்பங்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவர்கள் வாங்கியிராவிட்டால் இரண்டாவது இதழ் அச்சேறியிருக்குமா? லட்சுமிகாந்தன் கடையைத்தான் நடத்தினார். வாடிக்கையாளர்கள் ஊரெங்கும் இருந்தார்கள்.

இன்று அந்தக் கடை நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வாங்கக் காசும் வேண்டியதில்லை. உயிரோடிருக்கும் நடிகரை இறந்துவிட்டதாக அறிவிப்பதும், அவர் வெளியே வந்து "நான் நலமாக இருக்கிறேன்" என்று சொல்ல நேர்வதும் வழக்கமாகிவிட்டது. உடுமலைப் பக்கத்தில் பிறந்து நம்மையெல்லாம் சிரிக்கவைத்த கவுண்டமணியை இந்த வாட்ஸ்அப் எத்தனை முறை கொன்றிருக்கிறது! செய்தியை அனுப்பியவர் மறுநாள் ஒரு பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறார். தாம் ஒரு மனிதரை உயிரோடு புதைத்தது அவருக்கு நினைவில்லை.

ஏ.ஆர். ரஹ்மானுக்கு வருவோம். நம் வீடுகளில் அவரைச் சொந்தப் பிள்ளையாகவே எண்ணுகிறார்கள். 1992 இல் 'ரோஜா' வந்த நாளிலிருந்து அவருடைய ஒவ்வொரு வெற்றியிலும் நமக்கும் ஒரு பங்கு இருப்பதாகப் பாவித்துக்கொண்டோம். 2009 பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற மேடையில், தமிழில் இறைவனுக்குப் புகழ் சேர்த்தாரே, அன்று எங்கள் தெருவில் இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. சினிமாப் பாட்டே ஆகாது என்று கண்டிக்கிற பெரியவரும் அன்று ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்.

சொந்தமாக்கிக்கொண்டதன் மறுபக்கம் 2019 பிப்ரவரியில் தெரிந்தது. ஒரு விழாவில் அவருடைய மூத்த மகள் முகத்திரையோடு மேடையேறினார். தந்தை வற்புறுத்தியிருப்பார் என்று வெளியார் ஏசினார்கள். ரஹ்மான் தம் மனைவியும் இரு மகள்களும் நிற்கும் படம் ஒன்றை வெளியிட்டு, உடையைத் தேர்வது அவரவர் சுதந்திரம் என்னும் பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். மகளும் அது தம் சொந்த முடிவு என்று தெளிவாகவே சொன்னார். வெளியார் ஏசினார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. நம்மவர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மூத்தவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, முகத்திரை அணியாத மற்ற இருவரையும் பரீட்சை அதிகாரிகள்போல் திருத்தத் தொடங்கினார்கள். ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் செய்த காரியம் ஒன்றே. அவ்வீட்டுப் பெண்களைத் தங்கள் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

பிறகு 2024 நவம்பர் 19. இருபத்தொன்பது ஆண்டு மணவாழ்வுக்குப் பின் ரஹ்மானும் சாய்ரா பானுவும் பிரிவதாக அறிவிப்பு வந்தது. அன்றே, அவரோடு கித்தார் வாசிக்கும் பெண்மணி ஒருவரும் தம் கணவரைப் பிரிவதாக அறிவித்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேச எவ்வளவு நேரமாகும்! அப்பெண்மணி, அவர் தமக்குத் தந்தை போன்றவர் என்று மறுத்தார். மகன் மறுத்தார். சாய்ரா அம்மையாரே குரல் பதிவில், தம் உடல்நலக் குறைவே காரணம் என்றும், தம் கணவரை இழிவுபடுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான்கு நாளில் ரஹ்மான் தரப்பில் வழக்கறிஞர் அறிவிப்பும் வந்தது. மறுப்புகளை எவரும் அனுப்பிவைக்கவில்லை. வதந்திகள் மாத்திரம் வீடு வீடாகச் சென்றன.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உறவினர் கூடியிருந்தார்கள். மதிய உணவு முடிந்து வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. மாமி ஒருவர் தொடங்கிவைத்தார். "இருபத்தொம்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்றார். பணம் சேர்ந்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். பாட்டுக்கூத்தில் பரக்கத் ஏது என்றார் மற்றொருவர். பொறுத்துப்போகத் தெரியாத பெண்கள் பெருகிவிட்டார்கள் என்று பேச்சு சாய்ராவை விட்டுப் பொதுவாகத் திரும்பியது. அந்த அறையில், கதவோரம், எங்கள் தமக்கையின் மகள் உட்கார்ந்திருந்தாள். கணவன் வீட்டிலிருந்து திரும்பித் தாய்வீட்டுக்கு வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. ஜமாஅத்தில் பேச்சுவார்த்தை நடந்து, முடிந்து, காகிதமும் கைக்கு வந்துவிட்டது. அவள் கையிலிருந்த பாக்குவெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "மாமி, என்னையப் பத்தியும் இப்படித்தான பேசியிருப்பீங்க?"

தொலைக்காட்சியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமி, "உன்னையப் போயி யாரும்மா சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தார். முடிக்க அவரால் முடியவில்லை. பேசியிருந்தார் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதே வெற்றிலைத் தட்டு, அதே சொற்கள், பெயர் ஒன்றுதான் வேறு. நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவது யாருக்கும் கேடில்லாத பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்கள் உண்டு. மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் காதில் நம் பேச்சு விழவா போகிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் காதில் விழுவதில்லை, உண்மைதான். கதவோரம் இருக்கிறவள் காதில் விழுகிறது. நாளை தனக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் இந்த அறையில் என்ன பேசப்படும் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்பிள்ளையும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறாள். தெரிந்துகொண்டபின், துன்பம் நேர்ந்தாலும் வாயை மூடிக்கொள்கிறாள். எங்கள் தமக்கை மகளும் அப்படித்தான் எட்டு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

திருக்குர்ஆனில் அல்ஹுஜ்ராத் என்னும் 49ஆம் அத்தியாயம், வீண் சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வைத்துத் தடுப்பதை நாம் அறிவோம். அன்று கூடியிருந்தவர்களில் அவ்வசனத்தை மனனமாக ஓதக்கூடியவர்கள் மூவர். நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் அது பொருந்தாது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆயினும் அப்படியொரு விதிவிலக்கு இருப்பதாகவே நடந்துகொள்கிறோம்.

2025 மார்ச் மாதம் ரஹ்மான் உடல்நலக் குறைவால் சென்னையில் ஒருநாள் மருத்துவமனையில் இருந்தபோது, சாய்ரா அம்மையார் மீண்டும் ஒரு செய்தி விடுத்தார். தாங்கள் சட்டப்படி இன்னும் மணவிலக்குப் பெறவில்லை, தம்மை முன்னாள் மனைவி என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான்கு மாதங்களாக எல்லாச் செய்திகளும், நம் வீட்டு மாமியும், அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்திவந்தார்கள். இச்செய்தியை நாம் மாமிக்குப் படித்துக் காட்டினோம். "அப்படியா?" என்றார். சற்றுநேரம் கழித்து, "அவரு ஒடம்பு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். நீர்ச்சத்துக் குறைவுதான், வீடு திரும்பிவிட்டார் என்று சொன்னோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, தொடர் தொடங்கும் நேரமாகிவிட்டதென்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தமக்கையின் மகள் இப்போது சத்தி சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். சென்ற மாதம் தன்னோடு வேலை பார்க்கும் பெண்களுடன் பேரங்காடிக்குச் சென்று ஒரு படம் பார்த்துவிட்டு வந்தாள். படம் எப்படி என்று மாமிதான் முதலில் கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது, கதை ஒன்றுமில்லை, இடைவேளையில் வாங்கிய சோளப்பொரி மாத்திரம் அநியாய விலை என்றாள். அடுத்த வாரம் தன்னையும் அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார் மாமி.